ஒரே வாரத்தில் வேலையை விட நினைத்த நூலகர்: சீர்காழி ரங்கநாதன் ஏன் அந்த மேசையிலேயே உட்கார்ந்தார்?

கல்லூரி முடித்தவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்று வருஷத்தில் லைப்ரரிக்கு எத்தனை முறை போனீர்கள்? பலருக்கு ஞாபகம் இருப்பது ஒரே ஒரு விசிட்தான். ஹால் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால், நோ டியூ கையெழுத்துக்காகப் போன அந்த விசிட்.

அந்த அறையில் ஒரு மேசை இருந்திருக்கும். மேலே குறிப்புதவிப் பிரிவு என்றோ, ரெஃபரன்ஸ் என்றோ ஒரு போர்டு. தடித்தடியான அகராதிகள், கலைக்களஞ்சியங்கள். வெளியே கொண்டுபோகக் கூடாத புத்தகங்கள் இருக்கும் இடம் என்பதோடு நம்மில் பலருக்கு அதன் அர்த்தம் முடிந்துவிடும். ஆனால் அந்த மேசையின் முக்கியமான பாகம் புத்தகமே இல்லை, அங்கே உட்கார்ந்திருக்கும் ஆள்தான் என்று ஒருவர் வாழ்நாள் முழுக்க அடித்துச் சொன்னார். ஆகஸ்ட் 12ஆம் தேதியை இந்தியா தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுவது அவர் பிறந்தநாளுக்காகத்தான். அவர் சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதன்.

அவர் கதைக்குப் போவதற்கு முன்னால், அந்த ஆள் என்னதான் செய்வார் என்று பார்த்துவிடலாம்.

திண்டிவனத்தில் தாவரவியல் படிக்கும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். செமினாருக்கு அவள் எடுத்திருப்பது மல்லாட்டை. தென் ஆர்க்காட்டுப் பக்கம் நிலக்கடலைக்கு அதுதான் பெயர். வீட்டில் டி.எம்.வி. 7 என்று ஒரு ரகத்தைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறாள். போனில் டி.எம்.வி. என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்தைத் தட்டினால் என்ன வரும்? புகையிலைத் தேமல் வைரஸ். தாவரவியல் மாணவி என்பதால் சந்தேகமும் வராது, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்றே தோன்றும். ரெண்டு மணி நேரம் காலி.

மேசையில் இருப்பவர் வேலை தெரிந்தவர் என்றால் முதலில் புத்தகத்தை எடுத்து நீட்ட மாட்டார். திருப்பிக் கேள்வி கேட்பார். எந்தப் பயிர், அதில் ரகமா நோயா, எந்த ஊர், எந்தக் காலம்? ரெண்டு நிமிஷத்தில் விஷயம் தெளிந்துவிடும். அவள் தேடும் டி.எம்.வி. வைரஸ் இல்லை, திண்டிவனத்தின் சுருக்கம். அவள் ஊரிலேயே இருக்கும் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை, எள் ரகங்களுக்கு அந்தப் பெயர்தான். இனி மல்லாட்டை என்று தேடாமல் நிலக்கடலை என்றும், அதன் அறிவியல் பெயரைக் கொண்டும் தேட வேண்டும். அடுத்த அலமாரி எது என்பது அப்போதுதான் தெரியும்.

வரலாறு படிக்கிற பையனுக்கும் இதே சிக்கல் வரும். விழுப்புரம் மாவட்டத்தின் பழைய தகவல் வேண்டும் என்று விழுப்புரம் என்ற பெயரில் தேடினால் பெரிதாக எதுவும் சிக்காது. காரணம், அந்த மாவட்டம் பிறந்ததே 1993 செப்டம்பரில். அதற்கு முன்னால் எல்லாமே தென் ஆர்க்காடு. 1906இல் வந்த தென் ஆர்க்காடு கெஜட்டியரைப் புரட்டினால் செஞ்சியும் திண்டிவனமும் அதற்குள்தான் இருக்கின்றன. இது தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. தெரியாவிட்டால், ஊரைப் பற்றி யாருமே எழுதவில்லை என்று பையன் முடிவுகட்டிவிட்டுப் போய்விடுவான்.

கணக்கு வாத்தியார், திக்குவாய், ரயில்

ரங்கநாதன் நூலகராகப் பிறந்தவர் இல்லை. நூலகராக ஆசைப்பட்டவர்கூட இல்லை.

1892இல் சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதில் அப்பா இறந்துவிட்டார். உள்ளூர் சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் படிப்பு. பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அப்போது அது தாம்பரத்தில் இல்லை, பாரிமுனைப் பக்கம் இருந்தது. சீர்காழியிலிருந்து ரயில் ஏறினால் சிதம்பரம், கடலூர், விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு என்று போகும் அதே லைன்தான் அவரைச் சென்னைக்குக் கொண்டுபோனது. கணிதத்தில் பி.ஏ., 1916இல் எம்.ஏ. அங்கே எட்வர்ட் ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் அவருக்குக் குருவாகக் கிடைத்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்தார். அவருக்குத் திக்குவாய் இருந்தது. பாடம் நடத்துவதையே தொழிலாக எடுத்தவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. பழகிப் பழகி அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். மங்களூரு, கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளில் வேலை பார்த்துவிட்டு 1921இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். நல்ல வாத்தியார் என்று பெயர். சம்பளம் மட்டும் கம்மி.

1923இல் சென்னைப் பல்கலைக்கழகம் முதல்முறையாக ஒரு நூலகரைத் தேடியது. சுமார் 900 விண்ணப்பங்கள் வந்தன. முறையான நூலகப் பயிற்சி பெற்றவர் அதில் ஒருவர்கூட இல்லை. ஆராய்ச்சி அனுபவம் வேண்டும் என்று குழு எதிர்பார்த்தது. ரங்கநாதன் சில கட்டுரைகள் எழுதியிருந்தார். நேர்காணலுக்குச் சில நாள் முன்பு பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் அவருடைய நூலக அறிவு. இந்தியாவின் நூலக இயக்கத்தின் தந்தை எனப்படுபவர், அந்த வேலைக்குள் நுழைந்ததே ஒரு ரெஃபரன்ஸ் புத்தகத்தின் புண்ணியத்தில்!

1924 ஜனவரி 4 அன்று பொறுப்பேற்றார். கதை இங்கேதான் மாறுது. செம போர். வகுப்பு இல்லை, மாணவர் சத்தம் இல்லை, பேச ஆள் இல்லை. ஒரே வாரத்தில் மாநிலக் கல்லூரி முதல்வரிடம் போய், என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். முதல்வர் ஒரு டீல் போட்டார். எப்படியும் பயிற்சிக்கு இங்கிலாந்து போகப்போகிறாய், போய்விட்டு வா, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பழைய வேலை உனக்கு.

லண்டனில் பார்த்த பொம்மை

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நூலகப் படிப்பு. மார்க் சுமார்தான். ஆனால் ஒரு விஷயம் கணக்கு மூளையைப் பிடித்து இழுத்தது. புத்தகங்களை எப்படி வகைப்படுத்துவது? அப்போதிருந்த முறைகள், உலகத்தில் உள்ள எல்லாத் துறைக்கும் முன்கூட்டியே பெட்டி செய்து நம்பர் ஒட்டி வைப்பது போன்றவை. நாளைக்குப் புதுத் துறை ஒன்று வந்தால்? ஒரே புத்தகம் மூன்று பெட்டிக்குச் சொந்தம் என்றால்?

ஒருநாள் லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். துளை போட்ட தகடுகள், கம்பிகள், நட்டு, போல்ட். இதே துண்டுகளை வைத்து பாலமும் கட்டலாம், கிரேனும் கட்டலாம். பெட்டி செய்யாதே, துண்டுகளைக் கொடு, தேவைப்படி மாட்டிக்கொள்ளட்டும் என்ற யோசனை அங்கே பிறந்தது. 1925இல் திரும்பி வந்த கப்பலில், அங்கிருந்த சின்ன நூலகத்தையே தன் முறைப்படி அடுக்கிப் பார்த்தார் என்பது அவரைப் பற்றிய பிரபலமான தகவல். 1933இல் அது கோலன் பகுப்பு முறை என்ற பெயரில் புத்தகமாக வந்தது. பின்னாளில் அவர் அந்தத் துண்டுகளை ஐந்து வகையாகச் சுருக்கினார்: ஆள் அல்லது பொருளின் மையம், அது எதனால் ஆனது, அதில் என்ன நடக்கிறது, எங்கே, எப்போது.

மேலே திண்டிவனம் மாணவியிடம் கேட்கப்பட்ட கேள்விகளை ஒருமுறை திரும்பப் பாருங்கள். எந்தப் பயிர், அதில் என்ன, எங்கே, எப்போது. கிட்டத்தட்ட அதே வரிசை. அலமாரியை அடுக்க ரங்கநாதன் செய்த கருவி, வாசகர் மனசில் குழப்பமாக இருக்கும் கேள்வியைப் பிரித்துப் பார்க்கவும் உதவும். பகுப்பு முறை தனி, வாசகர் சேவை தனி என்று பாடப்புத்தகங்கள் அத்தியாயம் பிரித்துவிடுகின்றன. அவருக்கு ரெண்டும் ஒரே வேலையின் ரெண்டு முனைகள்.

இங்கிலாந்தில் அவர் படித்ததைவிடப் பார்த்தது அதிகம். நூறு நூலகங்கள் வரை சுற்றினார். தொழிலாளி, குழந்தை, இல்லத்தரசி என எல்லோரும் வந்து கேட்க, அவர்களோடு கூடவே அலமாரி வரை நடந்துபோய் எடுத்துக் கொடுக்கும் ஊழியர்களைக் கண்டார். மாநிலக் கல்லூரி முதல்வரோடு போட்ட டீல் அதோடு காலாவதி ஆகிவிட்டது.

பூட்டைத் திறந்த பிறகு

அன்று இங்கே இருந்த நிலை வேறு. புத்தகம் என்பது பாதுகாக்க வேண்டிய சொத்து. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சீட்டு எழுதிக் கொடுத்தால், அந்தப் பக்கம் இருப்பவர் இருந்தால் எடுத்து வருவார். என்ன புத்தகம் வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டுமே அந்த ஏற்பாடு உதவும்.

ரங்கநாதன் அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார், விடுமுறை நாளிலும் திறந்தார். முக்கியமாக, வாசகர் பக்கத்தில் நின்று உதவுவதையே வேலையாகக் கொண்ட ஊழியர்களை அலமாரிகளுக்கு நடுவே நிறுத்தினார். கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த ஒருவரை ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு நடுவே தனியாக விட்டால், வந்த வழியே திரும்பிவிடுவார்.

1928 அவருக்குக் கடினமான வருஷம். நவம்பரில் மனைவி ருக்மிணி, திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் குளத்தில் தவறி விழுந்து இறந்துபோனார். அடுத்த மாதமே சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் நடந்த கல்வி மாநாட்டில், நூலகத்துக்கான ஐந்து விதிகளை ரங்கநாதன் முதல்முறையாகப் பொதுவெளியில் முன்வைத்தார். முன்னதாக அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, நூலகத்துக்கு வந்த பழைய குரு ராஸ்தான் பேச்சுவாக்கில் முதல் விதியை எடுத்துக் கொடுத்தாராம். புத்தகம் பயன்படத்தான் இருக்கிறது என்பது அதன் சாரம். மற்றவை அதிலிருந்து வரிசையாக வந்து விழுந்தன: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும், வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். 1931இல் இது புத்தகமானது. இன்றைக்கும் உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்களின் முதல் பாடங்களில் ஒன்று.

படிக்கும்போது இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்றுதான் தோன்றும். கல்லூரி நூலகத்தில் வைத்துப் பார்த்தால்தான் காரம் தெரியும். புதுப் புத்தகம் அழுக்காகிவிடும் என்று பீரோவில் பூட்டி வைத்தால் முதல் விதி போச்சு. எங்கே தேடுவது என்று சொல்ல ஆளில்லை என்றால் ரெண்டாவதும் மூன்றாவதும் போச்சு. நான்காவது எப்போதோ போச்சு.

1940இல் ரெஃபரன்ஸ் சேவைக்கென்றே சி. சுந்தரத்துடன் சேர்ந்து ஒரு நூல் எழுதினார். அதில் அந்த மேசையின் அன்றாட வேலையைப் பிரித்துக் காட்டினார். முதல்முறை வருபவருக்கு நூலகத்தை அறிமுகம் செய்வது ஒன்று. உடனே பதில் சொல்லக்கூடிய கேள்வி இன்னொன்று. டி.எம்.வி. என்றால் என்ன என்பது இந்த ரகம். நாள்கணக்கில் தேட வேண்டிய கேள்வி மூன்றாவது. ஒரு நிலக்கடலை ரகத்தின் வரலாறு, அதைத் தாக்கும் டிக்கா இலைப்புள்ளி நோய், அதுபற்றி இதுவரை வந்த ஆய்வுகள் என்றெல்லாம் போகும். ரெண்டுக்கும் வேறு கருவி, வேறு பொறுமை வேண்டும். முதல் ரகக் கேள்வியை இன்று போன் பார்த்துக்கொள்ளும், பல நேரம் சரியாகவே. மூன்றாவது ரகத்துக்குத்தான் கேட்ட கேள்வியே சரியா என்று யோசிக்கும் ஆள் தேவைப்படுகிறார்.

ஹீரோ மட்டும் இல்லை

ரங்கநாதனோடு வேலை பார்ப்பது சுலபமாக இருந்திருக்காது. ஒரு நாளைக்கு 13 மணி நேரம், வாரம் ஏழு நாளும் வேலை, லீவே கிடையாது. 1929 டிசம்பரில் சாரதாவை மணந்தபோதுகூட, கல்யாணம் முடிந்த கையோடு வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று சொல்வார்கள். இதைத் தியாகம் என்று போஸ்டர் அடிக்கலாம்தான். வீட்டில் இருந்தவர்கள் பக்கமிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

இன்னொரு முரணும் உண்டு. உயிரைக் கொடுத்து உருவாக்கிய கோலன் முறை அவருடைய சொந்த நாட்டிலேயே பெரிதாகப் பரவவில்லை. இந்தியக் கல்லூரி நூலகங்களில் பெரும்பாலானவை டூயி தசம முறையில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. நம்பர்கள் நீளம், குறியீடுகள் அதிகம், கற்றுக்கொள்ளக் கஷ்டம். அலமாரியில் அவர் தோற்றார் என்றே சொல்லலாம். ஆனால் விஷயத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்துச் சேர்க்கும் அந்த யோசனை தோற்கவில்லை. ஷாப்பிங் ஆப்பில் நிறம், சைஸ், விலை, பிராண்ட் என்று ஒவ்வொன்றாக ஃபில்டர் போடுகிறீர்களே, அதற்குப் பின்னால் உள்ள சிந்தனையும் அவருடையதும் ஒரே குடும்பம்.

20 ஆண்டுகள் கழித்து, புதிய துணைவேந்தருடன் ஒத்துப்போகாமல் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். மனசு உடைந்த நேரம் அது. 1945இல் ராதாகிருஷ்ணன் அழைத்ததால் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே சுமார் 1 லட்சம் நூல்களைத் தன் கையாலேயே வகைப்படுத்தினார். பிறகு டெல்லி, சூரிச், உஜ்ஜயினி, கடைசியாக பெங்களூரு. 1957இல் பத்மஸ்ரீ, 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவி.

இடையில் அவர் விதைத்த ரெண்டு விஷயங்கள் தமிழ்நாட்டில் முளைத்தன. 1931இல் மன்னார்குடி மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போன நடமாடும் நூலகத்தைத் தொடங்கிவைத்தார். 1948இல் மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான், அதற்காகப் பல வருஷம் அலைந்தவர்களில் முதன்மையானவர் ரங்கநாதன். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். அது அந்தச் சட்டத்தின் வாரிசு.

சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயை, நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தக் கொடுத்தார். மனைவி சாரதாவின் பெயரும் சேர்த்து அந்தப் பதவிக்கு வைக்கப்பட்டது. பணம் போனது வேறு எங்கும் இல்லை, மனக்கசப்போடு அவர் வெளியேறிய அதே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத்தான். 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூருவில் காலமானார்.

விழுப்புரத்தில் ரயில் மாறியவர்

1967இல் ரங்கநாதன் எழுதி வந்த ஒரு நூல், நூலகத்தைப் பற்றியது இல்லை. கணித மேதை ராமானுஜனைப் பற்றியது. அவரைத் தெரிந்தவர்களின் நினைவுகளைத் தேடித் தேடிச் சேர்த்து எழுதினார். மூன்றாவது ரக ரெஃபரன்ஸ் கேள்வி ஒன்றுக்கு அவரே உட்கார்ந்து பதில் தேடியது போல.

ராமானுஜன் கதையிலும் ஒரு நூலகம் வருகிறது. கும்பகோணத்தில் பள்ளிப் பையனாக இருந்தபோது அவரைப் புரட்டிப்போட்ட கார் என்பவரின் கணிதத் தொகுப்பு, அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து வந்த பிரதி. அதைக் கொண்டுவந்து தந்தது நூலகர் இல்லை, தெரிந்த கல்லூரி மாணவர்கள். கல்லூரிப் படிப்பில் தோற்று, வேலை தேடி அலைந்த 1910இல் அவர் விழுப்புரத்தில் இறங்கி, ரயில் மாறித் திருக்கோவிலூர் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் ராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தொடங்கியவர். தனி ஆளாக வாங்க முடியாத கணித நூல்களையும் இதழ்களையும் தபாலில் சுற்றுக்கு விட்டுப் படிக்கலாம் என்பதுதான் அந்தக் கழகத்தின் ஆரம்பத் திட்டமே.

ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயருக்கு, இந்தப் பையனுக்கு வேண்டியது அது இல்லை என்று புரிந்தது. வேலை தரவில்லை. சென்னையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அறிமுகக் கடிதம் எழுதிக் கையில் கொடுத்து ரயிலேற்றிவிட்டார்.